99 காட்டினால் பயம், 45 காட்டினால் சந்தேகம்: கிராபிக்ஸ் கார்டின் சதவீதத்தை அளந்து பார்த்த பதிவு

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்ற வரிக்குப் பக்கத்தில் வரும் சதவீதத்தைப் பார்த்து ஆளுக்கொரு விதமாகக் கவலைப்படுகிறார்கள். 99 என்று வந்தால் கார்டு வெந்துவிடுமோ என்று ஒருவருக்குப் பயம். 45 என்று வந்தால் போட்ட காசு வீணோ என்று இன்னொருவருக்குச் சந்தேகம். இந்த இரண்டு கேள்விக்குமே அந்த ஒற்றை எண் பதில் சொல்லாது என்பது என் கட்சி. அதை வாயால் மட்டும் சொல்லாமல், வீட்டுக் கணினியிலேயே ஒவ்வொரு நிலைமையாக உண்டாக்கி, எண்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று குறித்து வைத்தேன். கடைசியில் திருப்புளியை எடுத்துக் கார்டைப் பிரிக்கவும் வேண்டி வந்தது.

கணினி இதுதான்: ரைசன் 5 3600 பிராசசர், அதாவது 6 கோர், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 திரெட் (வேலைச் சரடு). 16 ஜிபி ராம். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. அதில் 6 ஜிபி மெமரி, இழுக்கும் மின்சாரம் 125 வாட் வரை. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். புதிய கார்டு இல்லை, ஆனால் பேசப்போகும் விஷயம் எந்தக் கார்டுக்கும் ஒன்றுதான். எண்கள் மட்டும் மாறும்.

அளப்பதற்கு டாஸ்க் மேனேஜர் போக, ஜிபியு-இசட் வைத்துக்கொண்டேன். விளையாட்டின் மேலேயே எண்களைக் காட்ட எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும். என்விடியா டிரைவரோடு தானாகவே வந்துவிடும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளை இன்னொன்று. கறுப்புத் திரையில் தட்டினால் சதவீதம், கிளாக் (சிப் ஓடும் வேகம்), வாட், வெப்பம் எல்லாவற்றையும் நொடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதித் தரும். எல்லாமே இலவசம். லினக்ஸ்காரர்களுக்கு என்விடாப், ரேடியான்டாப் இருக்கின்றன.

எண் பிறக்கும் இடம்

டாஸ்க் மேனேஜருக்குள் ஜிபியு கணக்கு வந்தது 2017 அக்டோபரில், விண்டோஸ் 10-இன் ஃபால் கிரியேட்டர்ஸ் அப்டேட்டோடு. கார்டுக்கு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ஷெட்யூலர் ஒன்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் கேட்பது அதனிடம்தான். கார்டு என்று நாம் ஒரே பொருளாகச் சொன்னாலும் விண்டோஸ் அதைப் பல என்ஜின்களாகப் பார்க்கிறது: 3டி, காப்பி, வீடியோ டிகோடு, வீடியோ என்கோடு, இன்னும் சில. ஒவ்வொரு என்ஜினும் கடந்த நொடியில் எவ்வளவு நேரம் கையில் வேலையோடு இருந்தது என்பதுதான் அதனதன் சதவீதம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேலே பெரிதாகத் தெரியும் ஒற்றை எண் இவற்றின் கூட்டுத்தொகையும் இல்லை, சராசரியும் இல்லை. எந்த என்ஜின் அதிகமாக ஓடுகிறதோ அதன் எண்ணையே தலைப்பில் போட்டுவிடுவார்கள். ஆகவே '40' என்று பார்த்தால் முதல் வேலை, எது 40 என்று பார்ப்பது. பர்ஃபார்மன்ஸ் தாவலில் ஒவ்வொரு வரைபடத்தின் தலையிலும் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் வேறு என்ஜினுக்கு மாற்றிக்கொள்ளலாம். பலர் அதை அழுத்தியே பார்த்திருக்க மாட்டார்கள்.

என்விடியா-எஸ்எம்ஐ தரும் சதவீதத்துக்கு என்விடியாவே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது: ஒரு சிறு கால இடைவெளியில், கார்டின் மேல் குறைந்தது ஒரு கெர்னலாவது (கார்டில் ஓடும் சிறு நிரல்) ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் பங்கு. அந்த இடைவெளி கார்டைப் பொறுத்து ஆறில் ஒரு நொடியிலிருந்து ஒரு நொடி வரை. 'குறைந்தது ஒன்று' என்பதைக் கவனிக்க வேண்டும். பேருந்து ஓடுகிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டு, உள்ளே ஒரே ஒரு பயணியா, படிக்கட்டு வரை கூட்டமா என்று எட்டிப் பார்க்காத கணக்கு இது.

ஒரே ஒரு திரெட்

இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பைத்தானில் நும்பா என்ற நூலகத்தை வைத்துக் கொஞ்ச வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். கார்டில் ஒரே ஒரு திரெட்டை ஓட விட்டு, அது ஒரு எண்ணைச் சும்மா பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1660 சூப்பரில் 22 மல்டிபிராசசர், அதாவது கோர்களின் கூட்டங்கள்; மொத்தம் 1408 கோர். அதில் ஒரு மூலையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து கூட்டல் பெருக்கல் செய்கிறார். மீதி அறைகளில் விளக்கே எரியவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முடிவில்லாத சுழற்சியாக எழுதிவிடாதீர்கள். மானிட்டர் மாட்டியிருக்கும் கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால், அது தொங்கிவிட்டது என்று முடிவு கட்டி விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கிவிடும். திரை ஒருமுறை கறுத்து மீளும், நிரல் செத்துப்போகும். அரை நொடியில் முடியும் கெர்னலை அடுத்தடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

ஓட விட்டேன். என்விடியா-எஸ்எம்ஐ காட்டியது 100. கிளாக் 1900 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். மின்சாரம் 38 வாட்! அப்புறம் அதே நிரலில் திரெட் எண்ணிக்கையை லட்சக்கணக்கில் ஏற்றி, 22 மல்டிபிராசசருக்கும் வேலை போகும்படி செய்தேன். சதவீதம் அதே 100. மின்சாரம் 124 வாட்.

இரண்டுக்கும் ஒரே எண். வித்தியாசம் தெரிந்தது வாட்டில் மட்டும். இதற்குப் பிறகு எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் சதவீதத்தைப் பார்க்கும் அதே நொடியில் கண் வாட்டுக்கும் போய்விடுகிறது. கார்டு உண்மையில் எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு, அதன் உச்ச வாட்டில் எவ்வளவு பங்கு இழுக்கிறது என்பது சதவீதத்தைவிட நம்பகமான சாட்சி. துல்லியமான அளவுகோல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பொய் சொல்வது குறைவு.

இன்னொன்று: இந்தச் சோதனை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரின் 3டி வரைபடம் ஏறக்குறைய தரையிலேயே கிடந்தது. குடா என்ற பெயரில், கணக்கு வேலைகளுக்காக இருக்கும் என்ஜினுக்கு வரைபடத்தை மாற்றிய பிறகுதான் 100 தெரிந்தது. படங்களை ரெண்டர் செய்பவர்களும், செயற்கை நுண்ணறிவு மாடல்களை வீட்டில் ஓட்டுபவர்களும் "கார்டையே தொட மாட்டேங்குது, எல்லாம் பிராசசர்லதான் ஓடுது" என்று புலம்புவதில் பாதிக்குக் காரணம் இந்த அம்புக்குறிதான்.

சும்மா இருக்கும்போது 28

எதையும் திறக்காமல் டெஸ்க்டாப்பில் விட்டால் என் கார்டு 300 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 12 வாட் போல இழுக்கும். அந்த நிலையில் ஒரு ஜன்னலைப் பிடித்துத் திரையில் இப்படியும் அப்படியும் இழுத்தேன். 3டி 28 சதவீதம்! காட்டப்பட்ட செயலி டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர். ஒரு ஜன்னலை நகர்த்தக் கார்டில் கால்வாசிக்கு மேலா?

இல்லை. 300 மெகாஹெர்ட்ஸில் நடந்து போகும் கார்டின் நேரத்தில் 28 பங்கு அது. முழு வேகமான 1900-த்தில் அதே வேலை நடந்திருந்தால் 4 அல்லது 5 வந்திருக்கும். சதவீதத்தின் அடியில் இருக்கும் தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. கிளாக் எவ்வளவு என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இதையே இன்னும் தெளிவாகக் காட்டியது அடுத்த சோதனை. இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அதிகம் கேட்காத ஒரு பழைய கார் பந்தய விளையாட்டை எடுத்துக்கொண்டேன். ஃபிரேம் எண்ணிக்கையை, அதாவது நொடிக்கு வரையும் படங்களை, 60-இல் பூட்டினேன். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி, அதற்குள் வரைந்து முடித்துவிட்டால் மீதி நேரம் கார்டுக்கு ஓய்வு. ஒரே இடத்தில் காரை நிறுத்தி, கேமராவை அசைக்காமல் பார்த்தேன். 57 சதவீதம், 1005 மெகாஹெர்ட்ஸ், 49 வாட். பிறகு என்விடியா கன்ட்ரோல் பேனலில் மின்சார நிர்வாகம் என்ற இடத்தில் எப்போதும் அதிகபட்ச வேகம் என்று மாற்றிவிட்டு, அதே இடத்துக்கு வந்து நின்றேன். அதே 60 ஃபிரேம், அதே காட்சி. இப்போது 31 சதவீதம், 1890 மெகாஹெர்ட்ஸ், 63 வாட்.

பெருக்கிப் பாருங்கள். 1005-இல் 57 சதவீதம் 573. 1890-இல் 31 சதவீதம் 586. நடந்த வேலை ஒன்றேதான், அதை எவ்வளவு அவசரமாகச் செய்துவிட்டு உட்கார்ந்தது என்பதுதான் மாறியது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர், "அடடா, செட்டிங்கை மாற்றியதும் கார்டின் பாரம் பாதியாகிவிட்டதே" என்று மகிழ்ந்துபோவார். மின்சாரமோ 14 வாட் கூடியிருக்கிறது. அதிக வோல்டேஜில் ஓடி முடித்துவிட்டு ஓய்வெடுப்பதைவிட, நிதானமாக நேரம் முழுக்க ஓடுவது கார்டுக்குச் சிக்கனம். அந்த செட்டிங்கை உடனே பழையபடி மாற்றி வைத்தேன். 'வேகத்தைக் கூட்டும் ரகசியம்' என்று இதைப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

46-இல் நிற்கும் கார்டு

அண்ணன் மகன் நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருக்கிறான். அவன் கட்டிய நகரம் பெரிதாகப் பெரிதாக ஃபிரேம் விழுந்து 41-க்கு வந்துவிட்டது. பூட்டு எதுவும் போடவில்லை, ஆனாலும் கார்டு 46 சதவீதத்திலேயே நிற்கிறது. பிராசசர் 27 சதவீதம்.

"சித்தப்பா, ரெண்டுமே பாதி கூட வேலை செய்யல. அப்புறம் ஏன் இழுக்குது? பெரிய கார்டு போட்டா சரியாயிடுமா?"

பிராசசரின் 27 என்பதும் இதே மாதிரியான மாய எண்தான். 12 திரெட்டில் ஒன்று முழுமூச்சாக ஓடினால் மொத்தத்தில் அது 8.3 சதவீதம். விளையாட்டின் முக்கியமான ஒரு திரெட், வண்டி எங்கே போக வேண்டும், யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கார்டுக்கு 'வரை' என்று ஆணை போகும். அந்த ஒரு திரெட் திணறினால் கார்டு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அது திணறுவதையும் நேரடியாகப் பார்க்க முடியாது. விண்டோஸ் அந்தத் திரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றி மாற்றி ஓட்டுவதால், கோர் வாரியாக வரைபடம் போட்டாலும் எந்த ஒன்றும் 100-ஐத் தொடாமல் போகலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு எளிய வழி உண்டு. ரெசல்யூஷனைக் குறை. 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கினோம். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது, சதவீதம் 46-இலிருந்து 29. ஃபிரேம்? 41 இருந்தது, 42 ஆனது. பிறகு எதிர்த் திசையில், 1080பி-யிலேயே நிழல்களை உச்சத்துக்கு ஏற்றினோம். சதவீதம் 63, ஃபிரேம் அதே 41. தடை கார்டில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"அப்ப புது கார்டு?"

"போட்டா அது 20 சதவீதத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்டா."

நிழல்களை உச்சத்திலேயே விட்டுவிட்டான். வேகம் கூடாவிட்டாலும் படமாவது அழகாக இருக்கட்டும் என்று. நல்ல முடிவு, சும்மா கிடந்த பாதிக் கார்டுக்கு இலவசமாக ஒரு வேலை கிடைத்தது.

மெமரி நிரம்பும்போது

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு மெமரி என்ற இடத்தில் என் கார்டுக்கு 14 ஜிபி என்று போட்டிருக்கும். இது கார்டில் இருக்கும் 6-ஐயும், ராமில் பாதியான 8-ஐயும் கூட்டிப் போட்ட கணக்கு. 14 என்பதைப் பார்த்துக் கார்டில் நிறைய இடம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. டெடிகேட்டட் என்ற வரிதான் கார்டின் சொந்த மெமரி. ஷேர்டு என்பது இடம் பற்றாதபோது ராமில் போய் ஒதுங்கும் திண்ணை.

அந்தத் திண்ணைக்குப் போகும் வழி எவ்வளவு குறுகல் என்பதுதான் விஷயம். 1660 சூப்பரின் சொந்த மெமரி நொடிக்கு 336 ஜிபி வேகத்தில் தரவைத் தரும். ராமிலிருந்து கொண்டுவர பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பாதையில் வர வேண்டும். 16 லேனும் சேர்ந்து ஒரு திசையில் நொடிக்கு 16 ஜிபி-க்கும் சற்றுக் குறைவு. இருபதில் ஒரு பங்கு.

திறந்த உலக விளையாட்டு ஒன்றில் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் நுணுக்கத்தை) வேண்டுமென்றே உச்சத்தில் வைத்தேன். டெடிகேட்டட் 5.9-இல் முட்டி நின்றது, ஷேர்டு 0.3-இலிருந்து 2.1-க்கு ஏறியது. ஃபிரேம் சராசரி 48, அதுவும் தெருமுனை திரும்பும்போதெல்லாம் திக்கித் திக்கி. இப்போது சதவீதத்தைப் பாருங்கள்: 97, 98, 99. கார்டு உயிரைக் கொடுத்து உழைப்பதுபோல் தோன்றும். வாட்டைப் பார்த்தால் 83. டெக்ஸ்ச்சரை ஒரே ஒரு படி இறக்கியதும் டெடிகேட்டட் 4.9, ஃபிரேம் 74, மின்சாரம் 121. சதவீதம் மட்டும் அதே 98.

முதல் நிலையில் கார்டு வேலை செய்யவில்லை, சரக்கு வருவதற்காகக் காத்திருந்தது. காத்திருப்பதும் அதன் கணக்கில் ஓட்டம்தான், ஏனென்றால் கையில் எடுத்த வேலை இன்னும் முடியவில்லை. 99-உம் குறைந்த வாட்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது ஷேர்டு வரியைத்தான். அதற்காக டெடிகேட்டட் நிரம்பியிருப்பதே தவறு என்று அர்த்தமில்லை. இடம் இருக்கும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பல விளையாட்டுகளுக்கு உண்டு. ஷேர்டு ஏறி, கூடவே திக்கலும் வந்தால்தான் சிக்கல்.

என்விடியா-எஸ்எம்ஐ கொடுக்கும் 'மெமரி பயன்பாடு' என்ற சதவீதத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மெமரியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதில்லை அது. மெமரியில் எழுதியோ படித்தோ கொண்டிருந்த நேரத்தின் பங்கு.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4கே, விபி9 வகை வீடியோ ஓடும்போது தலைப்பில் 38 என்று வந்தது. அது முழுக்க வீடியோ டிகோடு என்ஜின். 3டி வெறும் 9. டிகோடுக்குத் தனிச் சுற்று இருப்பதால் 38 என்பது விளையாட்டின் 38-ஐப்போல் சூடேற்றாது. அதே வீடியோவை ஏவி1 வகையில் ஓட்டினால் டிகோடு பூஜ்யம், பிராசசர் 35-க்கு ஏறிவிடுகிறது. இந்தத் தலைமுறைக் கார்டுக்கு ஏவி1 தெரியாது. என்விடியாவில் 30 தொடரிலிருந்துதான் அந்த வசதி. வீடியோ ஓடும்போது டிகோடு பூஜ்யமாக இருந்தால், வீடியோவின் வகையைப் பாருங்கள், பிரௌசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

99 மாறவில்லை, வேகம் மட்டும் இறங்கியது

இனி ரிப்பேர். மேலே சொன்ன திறந்த உலக விளையாட்டைத் தொடங்கும்போது 79 ஃபிரேம் வரும். ஒரு மணி நேரம் போனால் அதே தெருவில், அதே வெயிலில் 68. சதவீதம் தொடக்கத்திலும் 99, இப்போதும் 99. கோப்பில் பதிந்த மற்ற எண்களைப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. தொடக்கத்தில் 1905 மெகாஹெர்ட்ஸ், 121 வாட். ஒரு மணி நேரம் கழித்து 1590, 92 வாட். வெப்பம் 83 டிகிரி. என் கார்டு வெப்பத்துக்கு வைத்துக்கொண்டிருக்கும் எல்லை அது. தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளாக்கை இறக்க ஆரம்பித்துவிடும். ஜிபியு-இசட்டில் வேகத்துக்குத் தடை எது என்று சொல்லும் ஒரு வரி உண்டு. அதில் பவர் என்றோ வோல்டேஜ் என்றோ இருந்தால் இயல்பு. எனக்குத் தெர்மல் என்று நின்றது.

கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடிய விட்டேன். கார்டின் 8 பின் இணைப்பைக் கழற்றி, மதர்போர்டு ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை அழுத்திக்கொண்டே கார்டை எடுத்தேன். அந்தக் கொக்கியை மறந்து இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்து வரும்.

ஃபேனுக்குப் பின்னால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் வாயில், தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. காற்று ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழல விட்டு ஊதினால் பேரிங்குக்குக் கேடு; சுழலும் மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கிக் கார்டுக்குள் அனுப்பவும் கூடும். தூசை எடுத்ததே பாதி வேலை. ஆனால் சிப்பிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்டையும் பார்த்துவிடலாம் என்று பின்பக்கம் சிப்பைச் சுற்றி இருக்கும் ஸ்பிரிங் வைத்த 4 திருகையும் கழற்றினேன். குறுக்காக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஹீட்சிங்க்கைச் செங்குத்தாக இழுக்காமல், சற்றே இடவலமாகத் திருகினால் காய்ந்த பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். கார்டு இளஞ்சூட்டில் இருந்தால் இன்னும் சுலபம். கையோடு தூக்கிவிடக் கூடாது, ஃபேனின் கம்பி குட்டையாக உள்ளேயே மாட்டியிருக்கும்; முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

பேஸ்ட் சுண்ணாம்புபோல் உலர்ந்து, சிப்பின் நடுவில் வெறும் உலோகப் பளபளப்பு தெரிந்தது. ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தேன். மெமரி சில்லுகளின் மேலிருந்த தெர்மல் பேட் கிழியாமல் இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. மாற்றுவதென்றால் அதே தடிமனில் கிடைக்க வேண்டும்; தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. பிராசசருக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும், அதன் மேல் மூடி இருக்கிறது. கார்டின் சிப்புக்கு மூடி இல்லை, ஒரு மூலை விட்டுப்போனாலும் அங்கே சூடு தேங்கும். அதனால் பேஸ்டை மெல்லிய படலமாகச் சிப்பு முழுவதும் தடவினேன். திருகுகளை மறுபடி குறுக்காகவே முடுக்கினேன்.

அதே விளையாட்டு, அதே தெரு, ஒரு மணி நேரம் கழித்து: 70 டிகிரி, 1890 மெகாஹெர்ட்ஸ், 121 வாட், 78 ஃபிரேம். சதவீதம்? 99.

உங்கள் கணினியில் இந்தச் சோதனைகளில் எதுவுமே ஒத்துவராமல், விளையாட்டு ஓடும்போது 3டி பூஜ்யமாகவே கிடந்தால், முதலில் மானிட்டர் கம்பி கார்டில் மாட்டியிருக்கிறதா, மதர்போர்டில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருக்கும். விளையாட்டு தவறான கார்டில் ஓடினால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேயின் கீழே கிராபிக்ஸ் என்ற பகுதியில் அதற்கு மட்டும் உயர்திறன் கார்டைத் தேர்ந்தெடுக்கலாம். எதிர்த் திசையில், எதுவும் ஓடாதபோது ஃபேன் இரைந்தால் பிராசஸஸ் தாவலில் ஜிபியு நெடுவரிசையின் தலையை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். அசையும் வால்பேப்பரோ பிரௌசரின் ஏதோ ஒரு தாவலோ மாட்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் இரைச்சல் நின்று, மூடியதும் மறுபடி தொடங்கினால் மட்டும் வைரஸ் தேடுவதில் இறங்க வேண்டும். பிறர் கணினியில் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களில் சில அப்படி ஒளியக் கற்றவை.

ரிவாடியூனரில் இப்போது திரை மூலையில் நான் வைத்திருப்பது கிளாக், வாட், வெப்பம், ஃபிரேம் நேரத்தின் வரைபடம். சதவீதமும் இருக்கிறது, கடைசி வரியில். அந்தக் கார் பந்தய விளையாட்டைப் பூட்டில்லாமல் விட்டால் 180 ஃபிரேம் வரை போகிறது: 99 சதவீதம், 121 வாட். மானிட்டரோ 144-க்கு மேல் காட்டாது. கார்டு 99-இல் முட்டி நிற்கும்போது வரைய வேண்டிய ஃபிரேம்கள் வரிசையில் தேங்குவதால் கைவிரலுக்கும் திரைக்கும் நடுவே தாமதமும் கூடுகிறது. 100-இல் பூட்டினேன். 72 சதவீதம், 1395 மெகாஹெர்ட்ஸ், 68 வாட், 58 டிகிரி. ஸ்டியரிங் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. பூட்டை 120-க்கு ஏற்றிப் பார்த்ததில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஃபேன் சத்தம்தான் தெரிந்தது. அதனால் 100-லேயே விட்டுவிட்டேன்.